விதைநெல்

2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் அஞ்சல்காரர் எங்கள் வாசலில் நின்று, சிறு கடிதம் ஒன்றைக் கொடுத்துச் சென்றார். அதில் ஆறு இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. வேறு செய்தி எதுவும் இல்லை. அந்த ஒரு தாளுக்காக என் இளைய மகன் மூன்று வாரங்களாகத் திண்ணையிலேயே காத்திருந்தான். யூடியூபில் காணொளி வெளியிடுவோரின் கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும், அவர்களது முகவரி மெய்யானதுதானா என்று அறிய கூகுள் நிறுவனம் இப்படியொரு எண்ணை அஞ்சலில் அனுப்புகிறது. அதைப் பதிவு செய்து, கணக்கில் நூறு டாலர் சேர்ந்த பிறகே பணம் வங்கிக்கு வரும். என் மனைவி அக்கடிதத்தைப் பூண்டி மாதா படத்தின் கீழே வைத்துச் செபித்தாள். முதன்முதலாக வந்த பணம் எண்ணாயிரத்துச் சொச்சம். அன்றிரவு எங்கள் வீட்டில் அனைவரும் மகிழ்ச்சியோடு உறங்கினோம்.

அந்தப் பணம் எதன் விலை என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்தான். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தமிழும் மறைக்கல்வியும் கற்பித்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதியில் இருக்கிறது. என் மகன் பொறியியல் படித்துச் சென்னையில் வேலை பார்த்தான். 2020இல் கொரோனா வந்தபோது வேலையிழந்து வீடு திரும்பினான். விண்ணப்பங்கள் அனுப்பி அலுத்தபோது, பக்கத்து மாவட்டத்துச் செய்தி ஒன்று அவனைத் தட்டி எழுப்பியது.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தைப் பற்றி வாசகர்கள் அறிந்திருப்பார்கள். ஆண்டு முழுவதும் வேளாண் வேலை கிடைக்காத நிலையில், ஒரே குடும்பத்து இளைஞர்கள் சிலர் 2018இல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்ற பெயரில் சமையல் காணொளிகளை வெளியிடத் தொடங்கினர். விழாக்களுக்குச் சமைத்துப் பழகிய அவர்களுடைய தாத்தா பெரியதம்பி முன்னே நிற்க, வயல்வெளியிலே பெரிய பாத்திரங்களில் சமைத்து, சமைத்ததை முதியோருக்கும் ஆதரவற்றோருக்கும் பரிமாறினார்கள். 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் அலைவரிசை என்ற பெயரும் பெற்றார்கள். அதே ஆண்டு முதலமைச்சரின் நிவாரண நிதிக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்கினார்கள். "அவங்களும் நம்மள மாதிரி விவசாயக் குடும்பந்தானப்பா" என்றான் மகன். அவனுக்கு மறுப்புச் சொல்ல என்னிடம் ஏதுமில்லை. மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கேமராவும் கணினியும் வாங்கினோம்.

அவன் சமையல் செய்தான், யாரும் பார்க்கவில்லை. பழைய கோவில்களையும் கல்லணையையும் படம் பிடித்தான். இருநூறு பேர் பார்த்தார்கள். ஓராண்டு இப்படியே கழிந்தது.

அப்போது என் தாயாருக்கு எண்பத்து மூன்று வயது. மறதி நோய் தொடங்கி ஈராண்டு ஆகியிருந்தது. ஒரு மாலையில், தொலைக்காட்சியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண்ணின் முன்னே சோற்றுத் தட்டை நீட்டி, "எவ்வளவு நேரந்தான் பேசுவே, ஒரு வாய் சாப்புட்டுப் பேசு ஆயி" என்று அம்மா அழைத்தார். மகன் அதை விளையாட்டாகப் படம் பிடித்து வெளியிட்டான். ஒரே வாரத்தில் ஆறு இலட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். 'என் பாட்டியைப் பார்த்ததுபோல் இருக்கிறது' என்று மலேசியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் எழுதினார்கள். அதில் பழிக்கத்தக்கது ஏதுமில்லை என்றே இன்றும் எண்ணுகிறேன். அந்தக் காட்சியில் இருந்தது அன்னமிடும் ஒரு கையின் அன்பு மட்டுமே.

ஆனால் அடுத்த வாரமும் அதேபோல் ஒன்று வேண்டியிருந்தது. அம்மா தாமாக எதுவும் சொல்லாத நாள்களில் மகன் கேட்கத் தொடங்கினான். "அப்பாயி, தாத்தா எங்கே?" என்பான். என் தந்தையார் இறந்து இருபது ஆண்டுகளாகின்றன. அம்மாவோ, "தண்ணி திருப்பப் போயிருக்காருய்யா, வந்துடுவாரு" என்று சொல்லி, வாசற்படியில் போய் அமர்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். சில நேரங்களில் இருட்டும்வரை உள்ளே வரமாட்டார். அந்தக் காணொளிதான் எல்லாவற்றிலும் அதிகமாகப் பார்க்கப்பட்டது. அதனால் அதே கேள்வி பலமுறை கேட்கப்பட்டது.

நான் தடுத்தேனா? இல்லை. இதை மறைத்துவிட்டு அவனை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. காலைச் செபத்துக்கு முன்பே கைப்பேசியை எடுத்து, நேற்றைக்கு இன்று எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்கே வழக்கமாகிவிட்டது. திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, "உங்க அம்மாவைப் பாத்தோம் சார்" என்று யாராவது சொன்னால் உள்ளம் குளிரும்.

இந்தத் தொழிலின் கணக்கையும் சொல்லியாக வேண்டும். யூடியூபில் விளம்பர வருவாய் பெற ஆயிரம் சந்தாதாரர்கள் வேண்டும்; அதோடு கடந்த பன்னிரண்டு மாதங்களில் மக்கள் அந்த அலைவரிசையைப் பார்த்த நேரம் நாலாயிரம் மணியாக இருக்க வேண்டும். குறுங்காணொளிகளுக்கு வேறு கணக்கு உண்டு. நீண்ட காணொளிகளில் வரும் விளம்பரப் பணத்தில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்கு வெளியிட்டவருக்கு, எஞ்சியது நிறுவனத்துக்கு. நாலாயிரம் மணி என்பது ஒரு மனிதர் இரவு பகல் உறங்காமல் ஏறத்தாழ 167 நாள்கள் உட்கார்ந்து பார்க்கும் நேரம். நாம் சமையலை விற்கிறோம், பாட்டை விற்கிறோம், நகைச்சுவையை விற்கிறோம் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அங்கே விலைபோவது பார்ப்பவரின் நேரம். அந்த நேரத்தைப் பிடித்து வைத்திருக்கத் தூண்டிலில் எதைக் கோக்கிறோம் என்பதுதான் கேள்வி. நாங்கள் கோத்தது என் தாயாரின் மறதியை.

கடைமடைக்காரனுக்கு இந்த வருமானத்தின் தன்மை எளிதில் விளங்கும். மதகு எங்கோ இருக்கிறது. திறப்பவரையும் மூடுபவரையும் நாம் பார்ப்பதில்லை. இந்த மாதம் வாய்க்கால் நிறைய வரும்; அடுத்த மாதம் காரணமே தெரியாமல் வறண்டு போகும். 2023இல் மேட்டூர் அணை ஜூன் 12 அன்று உரிய நாளில் திறக்கப்பட்டும், நீரின்றி அக்டோபர் 10 அன்றே மூடப்பட்டது. கடைமடையில் எங்கள் பயிர் கருகியது. அதே மாதங்களில் மகனின் வருமானமும் பாதியாகக் குறைந்தது. மகளின் திருமணக் கடனுக்கு என் ஓய்வூதியத்தில் ஒரு பங்கு போய்விடும். அம்மாவின் மருந்துக்கும் இரவில் கட்டும் துணிப்பட்டைகளுக்கும் மாதம் நாலாயிரத்துக்குக் குறையாமல் ஆனது.

அவ்வேளையில்தான் மூலிகைத் தைலம் விற்கும் ஒரு நிறுவனம் மகனைத் தொடர்பு கொண்டது. தங்கள் தைலத்தைத் தடவியதால் மூட்டுவலி போய்விட்டது என்று பாட்டி சொல்ல வேண்டும். இருபத்தையாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். பணம் பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று மைய அரசின் நுகர்வோர் துறை 2023 சனவரியிலேயே நெறிமுறை வெளியிட்டிருந்தது. அதைக் கூட அவர்கள் விரும்பவில்லை. அம்மா அந்தத் தைலத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் குழந்தைபோல் திருப்பிச் சொல்லிவிடுவார். "சொல்லிடுவாங்கப்பா, ரெண்டு நிமிஷ வேலை" என்றான் மகன். நான் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு படம் பிடிப்பதென்று முடிவாயிற்று.

சனிக்கிழமை மாலை, பக்கத்து வீட்டுச் சிறுமி விளையாட வந்தவள் அம்மாவின் மடியில் கைப்பேசியை வைத்து, "அப்பாயி, இங்க பாருங்க" என்று காட்டினாள். வாசற்படியில் அமர்ந்து தெருவைப் பார்த்திருக்கும் அந்தக் காணொளிதான். அம்மா கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். தம்மை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாருடி அந்தக் கிழவி?" என்று கேட்டார். சிறுமி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "யாரு பெத்த தாயோ, பாவம். அதுக்குப் புள்ளைங்க யாரும் இல்லியா? இப்புடி ஊரு சிரிக்க உக்கார வச்சிருக்காங்களே" என்றார்.

நானும் மகனும் கூடத்தில் இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அன்றிரவு நான் அவனிடம், "வேண்டாம் தம்பி, எல்லாத்தையும் எடுத்துடு" என்றேன். அவன் கோபப்பட்டான். "அப்பாயிக்கு மருந்து வாங்குனது எந்தப் பணத்துலப்பா? அப்ப வேண்டாம்னு சொன்னீங்களா? நானா கெட்ட எண்ணத்துல செஞ்சேன்?" என்று கேட்டான். அக்கேள்விகளுக்கு என்னிடம் விடையில்லை. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அவனைப்போல் தன் அப்பாயியைக் குளிப்பாட்டிச் சோறூட்டிய பேரன் எங்கள் தெருவில் வேறு எவனும் இல்லை. அன்புள்ளவன் கையாலும் தீங்கு நேரும் என்பதை அன்றுதான் நாங்கள் இருவரும் கற்றோம்.

அவனுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை என்று தோன்றியதால், என் இளமையில் நடந்த ஒன்றைச் சொன்னேன். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்துப் பக்கம் பெரும்புயல் கரை கடந்தது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. கதிர் பிடிக்கும் பருவத்தில் இருந்த சம்பா சாய்ந்து நீரில் மூழ்கியது. வீட்டில் அரிசி தீர்ந்தது. மச்சில் மட்டும், குறுவையில் எடுத்து வைக்கோல் பிரியால் கோட்டை கட்டி வைத்த விதைநெல் இருந்தது. அதைக் குற்றிக் கஞ்சி வைக்கலாம் என்று என் தந்தையார் சொன்னார். அம்மா மச்சுப்படியில் குறுக்கே நின்றுகொண்டார். "வெளஞ்சத விக்கலாம், தின்னலாம். வெதைய தின்னா அடுத்த வருசம் எதை வெதைப்பீங்க?" என்றார். மரவள்ளிக்கிழங்கும் கடன் வாங்கிய கேழ்வரகுமாக அந்தக் கார்த்திகையையும் மார்கழியையும் ஓட்டினோம். நெல்லை அவர் தொடவிடவில்லை.

"அந்த அம்மாவைத்தான் தம்பி நாம வித்துச் சாப்பிடுறோம்" என்றேன். மகன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான்.

மூன்று நாள்கள் கழித்து, அம்மா இடம்பெற்ற நாற்பத்தொரு காணொளிகளையும் நீக்கினான். தைல நிறுவனத்துக்கு மறுப்புத் தெரிவித்தான். சோற்றுத் தட்டை நீட்டிய அந்த முதற்காணொளியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். நான் தயங்கினேன், பிறகு அவனே அதையும் நீக்கிவிட்டான். அந்த அலைவரிசையையும் மூடினான். அடகு வைத்த சங்கிலி மீண்டு வர மேலும் ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

சமூக ஊடகத்தால் பிழைப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நம் திருச்சபையும் அப்படிச் சொல்லவில்லை. 1963இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றித் தனி ஆவணம் வெளியிட்டது. 2023 மே 28 அன்று வத்திக்கானின் சமூகத்தொடர்புத் துறை சமூக ஊடகங்களைக் குறித்து வெளியிட்ட மேய்ப்புப்பணிச் சிந்தனை, நல்ல சமாரியர் உவமையை அடித்தளமாகக் கொண்டது. திரையின் வழியே நாம் சந்திப்பவருக்கு நாம் அயலாராக இருக்கிறோமா என்று அது கேட்கிறது. கணினியைத் தாமே கற்று, நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் வைத்த கார்லோ அக்குதிஸ், 2006இல் பதினைந்து வயதில் இறந்தவர், 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். ஆகவே கருவி குற்றமுடையதன்று.

உழைப்பைக் குறித்து 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவும், 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் எழுதிய சுற்றுமடல்களை அதன் பிறகு மீண்டும் எடுத்துப் படித்தேன். உழைப்புக்கு நீதியான கூலி வேண்டும் என்பதும், உழைப்பு மனிதருக்காகவே அன்றி மனிதர் உழைப்புக்காக அல்லர் என்பதும் அவற்றின் சாரம். அந்தக் கண்ணோடு சின்னவீரமங்கலத்தை மீண்டும் பார்த்தபோது வேறுபாடு விளங்கியது. அங்கேயும் ஒரு முதியவரின் முகம்தான் திரையில் நிற்கிறது. ஆனால் பெரியதம்பி தாம் கற்ற தொழிலைச் செய்கிறார். தாம் படம் பிடிக்கப்படுவதை அறிந்து, உடன்பட்டு, பேரப்பிள்ளைகளோடு பங்காளியாக நிற்கிறார். அவரது உழைப்புக்கு உலகம் கூலி கொடுக்கிறது. எங்கள் வீட்டிலோ, உழைக்க முடியாத, உடன்பட முடியாத, மறுக்கவும் முடியாத ஒருவரின் நோய் கூலி ஈட்டியது. உழைப்பை விற்கலாம், ஆளை விற்கலாகாது. நான்காம் கட்டளையைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்த எனக்கு இது எண்பது வயதைக் கடந்த தாயின் வாயால் தெரிய வேண்டியிருந்தது.

அதன் பிறகு அம்மா ஓராண்டுக்கு மேல் எங்களோடு இருந்தார். என் பெயர், என் மனைவியின் பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின. ஆனால் மாலையில் செபமாலை தொடங்கினால் ஒரு சொல்லும் பிறழாமல் உடன் சொல்லி வருவார். நாங்கள் மறைநிகழ்ச்சியை மாற்றிச் சொன்னால் திருத்துவார். முதல் முறை அப்படித் திருத்தியபோது மகனின் கை கைப்பேசியை நோக்கிச் சென்றது. பிறகு அதைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த மணியைத் தொட்டான். அதைக் கண்டது நான் ஒருவனே.

2025 தவக்காலத்தில் அம்மா இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து உறவினர்கள் வீட்டில் உணவருந்திக்கொண்டிருந்தபோது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்து விழுந்தது. வாசற்படியில் அமர்ந்து கணவருக்காகக் காத்திருக்கும் அம்மா. யாரோ அதை வெட்டி, கேலியான இசையைச் சேர்த்து, வேறொரு பக்கத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். அனுப்பிய உறவினர் வெளிநாட்டில் இருப்பவர்; நாங்கள் வருந்துவோம் என்று அவருக்குத் தெரியாது. 'பாட்டி நினைவாக' என்று எழுதியிருந்தார். மகன் பந்தியிலிருந்து எழுந்து கொல்லைக்குப் போய்விட்டான். அந்தப் பக்கத்தை நீக்கக் கோரி விண்ணப்பித்தோம், நீக்கினார்கள். அது வேறு எத்தனை பக்கங்களில் இருக்கிறதோ, யார் அறிவார்? பதராகத் தூற்றிவிட்டதைப் பொறுக்கி எடுக்க முடியாது.

இப்போது மகன் வேறொரு அலைவரிசை நடத்துகிறான். உப்பு கரைத்த நீரில் முட்டை மிதக்கும் பக்குவம் பார்த்து, அதில் விதைநெல்லைக் கொட்டிப் பதரைப் பிரிப்பது எப்படி. நாற்றங்கால் விடுவது எப்படி. கொள்முதல் நிலையத்தில் நூற்றுக்குப் பதினேழு ஈரப்பதத்துக்கு மேல் இல்லாமல் நெல்லைக் காயவைப்பது எப்படி என்று உழவர்களையே பேசவைத்துப் படம் பிடிக்கிறான். எவரையும் வெளியிடும் முன் அவரிடமே காட்டி, சரி என்று சொன்ன பிறகே வெளியிடுகிறான். சென்ற மாதம் ஒரு பெரியவர், தாம் சட்டையில்லாமல் இருக்கும் பகுதி வேண்டாம் என்றார். இரண்டு நாள் வேலையை வெட்டி எறிந்தான். ஆயிரம் சந்தாதாரர்கள் சேர்ந்துவிட்டார்கள். நாலாயிரம் மணி இன்னும் சேரவில்லை. அதுவரை திருமணங்களுக்குப் படம் பிடித்துப் பிழைக்கிறான். போதிய வருமானம் என்று சொல்ல முடியாது. ஆனால் எதைப் பற்றியும் அவன் என் கண்ணைப் பார்த்துப் பேச முடிகிறது; நானும் அவன் கண்ணைப் பார்த்துப் பேச முடிகிறது.

வீட்டில் இளையோர் இந்தத் தொழிலில் இறங்கியிருந்தால், பெற்றோராகிய நாம் அவர்களைக் கடிந்துகொள்ளும் முன் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பணம் எவ்வளவு வந்தது என்று கேட்கும் நாம், அது எதிலிருந்து வந்தது என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா? சமையலோ, பாட்டோ, பயிரோ, கல்வியோ என்றால் மகிழ்ந்து வாழ்த்துவோம். அது விளைச்சல், சந்தைக்குப் போகட்டும். பேசத் தெரியாத குழந்தையின் அழுகையோ, நினைவிழந்த முதியவரின் தடுமாற்றமோ, அண்டை வீட்டாரின் துயரமோ என்றால், மச்சுப்படியில் யாராவது ஒருவர் குறுக்கே நின்றாக வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி நிற்கத் தெரிந்தவர் அம்மா ஒருவரே. தாம் யார் என்பதையே மறந்த பிறகும் அவர்தான் நின்றார்.